டர்போ டீசல் வண்டி இழுக்க மறுத்தால்: டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. டர்போ டீசல் வண்டியின் உடல்நிலையை அந்தச் சாலை முதல் சில வளைவுகளிலேயே சொல்லிவிடும். சென்ற மாதம் வரை இரண்டாவது கியரில் சிரமமில்லாமல் ஏறிய வண்டி இப்போது முதல் கியரைக் கேட்கிறது, மிதியை அடிவரை அழுத்தினாலும் எஞ்சின் எழும்புவதில்லை, பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கிறது என்று உரிமையாளர் வந்து சொல்லும்போது, பல பணிமனைகளில் உடனே வரும் பதில் ‘டர்போ போய்விட்டது’ என்பதுதான். டர்போவைக் கழற்றிப் புதியது பொருத்துகிறார்கள். பெரிய தொகை செலவாகிறது. சில நாட்களில் பழைய குறை அப்படியே திரும்பி வருகிறது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ, தன் வேலையைச் செய்யக் காற்றுக் குழாய், வெற்றிட இழுப்பைக் கொண்டுபோகும் வேக்கம் குழாய், டீசல் வழி, புகை வழி, சென்சார்கள் என்று பலவற்றை நம்பியிருக்கிறது. அவற்றில் எது கெட்டாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுதான்: பிக்கப் இல்லை. நான் பார்த்த வண்டிகளில் டர்போவே கெட்டிருந்தவை குறைவு. ஆகவே செலவில்லாமல் பார்க்கக்கூடியவற்றில் தொடங்கி, டர்போவைக் கடைசியில் வைத்துச் சோதிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்விஃப்ட், எர்டிகா, லீனியா, இண்டிகா விஸ்டா போன்ற பல கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 1,248 சி.சி. நான்கு சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 312 சி.சி. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 கிராம். ஆகவே டர்போ உதவி இல்லாமல் ஒரு சிலிண்டர் ஒரு முறை மூச்சிழுத்தால் உள்ளே போகக்கூடிய காற்று அதிகபட்சம் 360 மில்லிகிராம். முழுமையாக ஒருபோதும் நிரம்பாது என்பதால் நடைமுறையில் 300 சொச்சம்தான். டர்போ வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் ஒரு பாருக்குக் கூடுதலாக அழுத்தித் தரும்போது அந்த எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. காற்று இரட்டிப்பானால்தான் டீசலையும் அதற்கேற்பக் கூட்டி எரிக்க முடியும். அந்த அழுத்தம் வராமல் போனால் எஞ்சினின் வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. மலையில் வண்டி திணறுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கருவியை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

குறை திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று காலையில் இழுக்கவில்லை என்றால், குழாய் கழன்றிருக்கும், வேக்கம் ட்யூப் அறுந்திருக்கும், அல்லது எஞ்சின் கணினி ஏதோ ஒரு குறையைக் கண்டு தற்காப்புக்காக ‘லிம்ப் மோடு’ என்னும் குறைந்த வலிமை நிலைக்கு மாறியிருக்கும். ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது என்றால், ஃபில்டர் அடைப்பு, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். பகுதியில் படிந்த கரி, புகை வடிகட்டி அடைப்பு, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் தேய்மானம் போன்றவற்றையே முதலில் நினைக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, சாவியை அணைத்து மறுபடி போட்டால் வலிமை திரும்புகிறதா என்பது. திரும்புகிறது என்றால் அது லிம்ப் மோடுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்; கணினி எதைப் பார்த்து அஞ்சியது என்பதை அதன் நினைவகத்திலிருந்தே எடுத்துவிடலாம். குறை எந்த வேகத்தில் வருகிறது என்பதையும் கேளுங்கள். 2,000 சுற்றுக்குக் கீழே எப்போதும் மந்தமாக இருப்பதும், மேட்டில் நன்றாக இழுத்துக்கொண்டே போய் 3,000 சுற்றை நெருங்கும்போது சட்டென்று வெட்டுவதும் முற்றிலும் வெவ்வேறு நோய்கள். கடைசியாக, குறை தோன்றுவதற்குச் சற்று முன் வண்டியில் என்ன வேலை நடந்தது என்று கேட்க வேண்டும். ஏர் ஃபில்டர் மாற்றிய மறுநாளே பிக்கப் போனது என்று ஒருவர் சொன்னால், ஏர் ஃபில்டர் பெட்டியைச் சுற்றியுள்ள குழாய்களையும் சென்சார் கனெக்டரையும் பார்த்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

எஞ்சினுக்குத் தொடர்பில்லாத காரணங்களையும் இந்த நிலையிலேயே விலக்கிவிட வேண்டும். நான்காவது கியரில் மிதியை அழுத்தும்போது எஞ்சின் சுற்று ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போவைக் குறை சொல்வதில் பயனில்லை. சில கிலோமீட்டர் ஓட்டிய பின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக வீசினால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மிதிக்குக் கீழே தரைவிரிப்பு மடிந்து கிடந்து, மிதி முழுமையாக அழுந்தாத வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

புகை சொல்வதைக் கேட்பது

பழைய, புகை வடிகட்டி இல்லாத வண்டிகளில், வலிமை குறையும் நேரத்தில் பின்னால் என்ன புகை வருகிறது என்பதே பாதிச் சோதனை. மிதியை அழுத்தியதும் கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி இழுக்காமல் நின்றால், டீசல் போதுமான அளவு வருகிறது, அதை எரிக்கக் காற்றுத்தான் இல்லை என்று பொருள். காற்றோட்டத்தை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் ஏர் ஃபில்டருக்கு அடுத்தே இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு குழாய் கிழிந்து காற்று வெளியேறினால், கணினிக்கு அது தெரியாது. அளந்த காற்று முழுவதும் உள்ளே போனதாக எண்ணி டீசலை ஊற்றுகிறது. எரியாத டீசல் கரும்புகையாகிறது. ஈ.ஜி.ஆர். வால்வு மூடாமல் நின்றுவிட்டாலும், தூய காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்வதால் இதே கரும்புகை வரக்கூடும்.

புகையே இல்லாமல் வலிமை குறைகிறது என்றால் டீசல் போதுமான அளவு வரவில்லை, அல்லது கணினியே டீசலைக் குறைத்துக் கொடுக்கிறது. டீசல் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் ரெயில் என்னும் குழாயில் அழுத்தக் குறைவு, காற்றைக் குறைத்துக் காட்டும் பழுதடைந்த சென்சார், லிம்ப் மோடு ஆகியவை இந்தப் பக்கம் சேரும். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். வெண்புகை எரியாத டீசலாகவோ, சிலிண்டருக்குள் புகும் கூலன்டாகவோ இருக்கலாம்.

ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் டீசல் கார்களில் டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டி இருக்கிறது. கரும்புகை முழுவதையும் அது தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே பி.எஸ்.6 வண்டியில் ‘புகை இல்லை, எனவே காற்றுக் கசிவு இல்லை’ என்று முடிவு செய்யக் கூடாது. அதே கசிவு அங்கே வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்து, இரண்டு குறைகளாக உங்கள் முன் வந்து நிற்கும்.

ஸ்கேனரில் பார்க்க வேண்டிய எண்கள்

பணிமனைகளில் நடக்கும் பெரிய தவறு, எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியவுடன் பதிவான குறியீடுகளை அழித்துவிடுவது. அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறை பதிவான நொடியில் எஞ்சின் சுற்று, வேகம், வெப்பம் என்ன என்று கணினி சேமித்துவைக்கும் விவரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பி0299 என்றால் கணினி கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ தர வேண்டிய காற்றழுத்தம், கிடைக்கவில்லை என்று பொருள். பி0234 என்றால் அளவுக்கு மிஞ்சிய அழுத்தம். பி0087 என்றால் டீசல் ரெயிலில் அழுத்தம் குறைவு. பி0101 காற்றோட்ட சென்சாரின் அளவு ஐயத்துக்குரியது என்பது. பி0299 வந்தால் டர்போவை மாற்ற வேண்டும் என்று பலர் படிக்கிறார்கள். அந்தக் குறியீடு அப்படிச் சொல்லவில்லை. அழுத்தம் வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது, ஏன் என்பதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, இன்டேக் அழுத்தத்தைப் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது அங்கே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம்தான். சென்னையில் அது 101 கிலோபாஸ்கலை ஒட்டியும், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 77-ஐ ஒட்டியும் இருக்கும். சென்னையில் நிற்கும் வண்டி 85 என்று காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. அதை நம்பி மேலே போனால் எல்லா முடிவுகளும் தவறாகும். இந்த ஒரு நிமிடச் சோதனையை நான் எந்த வண்டியிலும் விடுவதில்லை.

அடுத்து, ஐடிலில், அதாவது மிதியைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, காற்றோட்ட அளவு. மேலே சொன்ன 1.3 லிட்டர் எஞ்சினில் ஈ.ஜி.ஆர். மூடியிருக்கும்போது ஒரு மூச்சுக்கு 300 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும், ஈ.ஜி.ஆர். திறந்தால் அது கணிசமாக இறங்க வேண்டும். எப்போதுமே இறங்கியே இருந்தால் ஈ.ஜி.ஆர். வால்வு மூடவில்லை, அல்லது சென்சார் அழுக்காகியிருக்கிறது. எது என்று அறிய, முதலில் ஈ.ஜி.ஆர். வால்வை ஸ்கேனர் மூலம் மூடச் சொல்லிப் பாருங்கள். வேறு எஞ்சின்களுக்கும் இதே முறையில், கொள்ளளவைச் சிலிண்டர் எண்ணிக்கையால் வகுத்து, நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதன் பிறகு சாலைச் சோதனை. ஆள் நடமாட்டம் இல்லாத, லேசான ஏற்றமுள்ள சாலையில், இன்னொருவரை அருகில் அமர்த்தி ஸ்கேனரை அவர் கையில் கொடுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. எஞ்சின் சூடானபின் மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து மிதியை முழுமையாக அழுத்தி, 3,500 வரை கொண்டுபோங்கள். கணினி கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட், கேட்கும் ரெயில் அழுத்தம், வரும் ரெயில் அழுத்தம், மிதியின் விழுக்காடு ஆகிய ஐந்தையும் பதிவு செய்யுங்கள். மிதி 100 விழுக்காட்டைத் தொடவில்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. கேட்கும் பூஸ்ட் 220 கிலோபாஸ்கல், வருவது 140 என்றால் காற்றுப் பக்கம் தேடுங்கள். பூஸ்ட் சரியாக வந்து ரெயில் அழுத்தம் சரிந்தால் டீசல் பக்கம் தேடுங்கள். கணினி கேட்பதே குறைவாக இருந்தால், அது ஏதோ ஒன்றைக் கண்டு தானே தணிந்து நிற்கிறது. கூலன்ட் வெப்பம் மிகுந்திருக்கலாம், ஏதாவது ஒரு சென்சார் தவறாகச் சொல்லியிருக்கலாம்.

காற்றுக் குழாய்கள்: மிகுதியாகக் குறை இருக்கும் இடம்

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். செங்கல் சூளை, கல் குவாரி, பஞ்சாலைப் பகுதிகளில் ஓடும் வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன். கூடுதல் கவனம் கேட்பது டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள்.

நாமக்கல்லுக்குச் சரக்கேற்றிவரும் ஒரு பிக்கப் வண்டியைச் சென்ற மழைக்காலத்தில் பார்த்தேன். ஏற்கெனவே ஓர் இடத்தில் டர்போ மாற்றியிருந்தார்கள்; ஏற்றத்தில் கரும்புகையும் தளர்ச்சியும் அப்படியே இருந்தன. மேலிருந்து பார்த்தால் எல்லா ஹோஸ்களும் புதிதுபோல இருந்தன, கிளாம்புகள் இறுக்கமாக இருந்தன. எஞ்சின் நிற்கும்போது கையால் தடவினாலும் எதுவும் தெரியவில்லை. வண்டியின் அடியில் படுத்து, இன்டர்கூலரின் கீழ் ஹோஸைப் பார்த்தபோது, அதன் அடிப்பக்கத்தில் மட்டும் ஆயிலும் புழுதியும் குழைந்து கரும்பசையாக ஒட்டியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு ஹோஸை இரண்டு கைகளாலும் வளைத்தேன். கிளாம்பின் விளிம்பை ஒட்டி, என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் மீனின் வாய் போலத் திறந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. பூஸ்ட் அழுத்தம் வரும்போது மட்டுமே திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் கீறல் அது. அந்த ஹோஸ் ஒன்றை மாற்றியதும் புகையும் நின்றது, இழுவையும் திரும்பியது. கழற்றிய பழைய டர்போவில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே ஹோஸைப் பார்ப்பது என்றால் அடிப்பக்கத்தைப் பார்ப்பது, துடைத்துப் பார்ப்பது, வளைத்துப் பார்ப்பது. டர்போவுக்குப் பின்னுள்ள குழாய்களில் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்புதான். எஞ்சினின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் ஆவி அது. எந்த இடத்தில் அந்த ஆயில் வெளியே வந்து புழுதியைப் பிடித்திருக்கிறதோ அந்த இடத்தில் காற்றும் வெளியேறுகிறது. இதில் தெரியாவிட்டால், டர்போவின் வாயை அடைத்து, சீராக்கியுடன் கூடிய கம்ப்ரசரால் 0.7 பாருக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். அதற்குமேல் ஏற்றினால் அடைப்பு பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். இன்டர்கூலர் உலோக உடலில் கல் பட்ட சிறு ஓட்டைகளும், பிளாஸ்டிக் தொட்டி சேரும் விளிம்பில் வெடிப்புகளும் இந்தச் சோதனையில்தான் அகப்படும்.

டர்போவை ஆட்டுவிக்கும் பகுதி

டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அதன் பக்கத்தில் தொங்கும் ஆக்சுவேட்டர். இங்கே இரண்டு வகைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன 1.3 லிட்டர் எஞ்சினே 75 குதிரைத்திறன் வடிவில், மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்னும் கதவுள்ள சாதாரண டர்போவுடனும், 90 குதிரைத்திறன் வடிவில் இறகுகள் அசையும் வி.ஜி.டி. டர்போவுடனும் வந்தது. அழுத்தத்தால் இயங்கும் வேஸ்ட்கேட்டில் குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் மூடியே நின்று அழுத்தம் மிஞ்சும். வேக்கத்தால் இயங்கும் வி.ஜி.டி.யில் குழாய் கழன்றால் இறகுகள் திறந்த நிலையில் தங்கி அழுத்தம் வராமலே போகும். ஒரே கழன்ற குழாய், இரண்டு எதிரெதிர் விளைவுகள். உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

வேக்கம் வகை வி.ஜி.டி.யில் எளிய சோதனை இது: ஒருவர் எஞ்சினை இயக்க, இன்னொருவர் ஆக்சுவேட்டர் கம்பியைக் கண்ணால் பார்க்க வேண்டும். இயக்கியதும் கம்பி உள்ளே இழுபட வேண்டும். அணைத்ததும் தானாகத் திரும்ப வேண்டும். அசையவே இல்லை என்றால் ஆக்சுவேட்டருக்கு வரும் ட்யூபைக் கழற்றி, கையால் இயக்கும் வேக்கம் பம்பை நேரடியாக மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பி தடையின்றி முழுத்தூரம் நகர்ந்து, பம்பிலுள்ள அளவுமானியின் முள் இறங்காமல் நின்றால் ஆக்சுவேட்டரும் இறகுகளும் நலம். குறை வேக்கம் வரும் வழியில் இருக்கிறது. கம்பி நகர்ந்து முள் இறங்கிக்கொண்டே போனால் உள்ளிருக்கும் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நின்றும் கம்பி பாதியில் சிக்கினால் இறகுகளில் கரி படிந்திருக்கிறது. நகருக்குள்ளேயே குறைந்த வேகத்தில் ஓடும் வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும். மேட்டில் இழுத்துப்போய்ச் சட்டென்று வெட்டும் குறைக்கும், அதாவது இறகுகள் மூடிய நிலையில் சிக்கி அழுத்தம் மிஞ்சுவதற்கும், பெரும்பாலும் இதே கரிதான் காரணம்.

வேக்கம் வரும் வழியில் எஞ்சினால் சுழலும் வேக்கம் பம்ப், பிரேக் பூஸ்டருக்குப் பிரியும் குழாய், கணினி இயக்கும் சாலினாய்டு வால்வு, இவற்றை இணைக்கும் பென்சில் தடிமன்கூட இல்லாத ட்யூப்கள் ஆகியவை இருக்கின்றன. பம்பிலிருந்து நேரடியாக அளந்தால் ஐடிலிலேயே 0.8 பாரை ஒட்டிய வேக்கம் வர வேண்டும். தென்னந்தோப்பு, நெல் கிடங்கு, கோழிப்பண்ணை அருகே நிறுத்தும் வண்டிகளில் அந்த மெல்லிய ட்யூப்களை எலி கடித்திருக்கும். பல் தடம் பதிந்த ட்யூபின் விலை சொற்பம். அதைப் பார்க்காமல் போட்ட புதிய டர்போவின் விலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மின்மோட்டாரால் இயங்கும் ஆக்சுவேட்டர் உள்ள புதிய வண்டிகளில் வேக்கம் சோதனை பொருந்தாது. அங்கே கனெக்டரில் ஈரம், உள்ளே தேய்ந்த பற்சக்கரம் ஆகியவற்றை ஸ்கேனர் கட்டளை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள லாரிகளில், இன்டேக்கிலிருந்து டீசல் பம்பின் தலைக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். பூஸ்ட் வந்திருக்கிறது என்று பம்புக்குச் சொல்லி, டீசலைக் கூட்டச் செய்வது அதுதான். அந்தக் குழாய் வெடித்தாலோ, பம்பின் தலையிலுள்ள டயஃப்ரம் கிழிந்தாலோ, புகை ஏதுமின்றி லாரி இழுக்காது.

டீசல் வழி

ஃபில்டரில் தொடங்குங்கள். அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். தொட்டியைப் பாதிக்குக் கீழேயே வைத்து ஓட்டுபவர்களுக்கு மழைக்காலத்தில் இது மிகும். தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால், ஓட ஓடத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும்; மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் இதுதான். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் ஒளிபுகும் குழாயை இணைத்துப் பார்த்தால், ஓயாமல் குமிழிகள் ஓடுவது தெரிந்துவிடும். எங்கோ ஓர் இணைப்பில் காற்று இழுக்கிறது.

ரெயில் அழுத்தம் ஐடிலில் பொதுவாக 250 முதல் 350 பார் வரையும், முழுச்சுமையில் எஞ்சினுக்கேற்ப 1,400, 1,600 என்றும், புதியவற்றில் அதற்கு மேலும் போகும். ஐடிலில் சரியாக இருந்து சுமையில் சரிந்தால், ஃபில்டரை மாற்றிய பின் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை, அதாவது அவை தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் டீசலின் அளவை, சோதிக்க வேண்டும். நான்கு ரிட்டர்ன் குழாய்களையும் ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால், ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு டீசல் சேர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அந்த இன்ஜெக்டர் தேய்ந்து, பம்ப் கட்டியெழுப்பும் அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பி விடுகிறது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தவே கூடாது; கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. பழைய பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்த்த பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிபோலத்தான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும், ஆனால் சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புகை வெளியேறும் வழி

உள்ளே போவது சரியாக இருந்தும், வெளியேற வழியில்லாவிட்டால் எஞ்சின் மூச்சுத்திணறும். பி.எஸ்.6 வண்டிகளில் டி.பி.எஃப். சேர்த்துவைக்கும் கரியை ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத் துப்புரவு செய்துகொள்ளும். தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அந்த வெப்பம் வராது. கரி நிரம்பியதும் எச்சரிக்கை விளக்கு எரியும். அதையும் பொருட்படுத்தாவிட்டால் லிம்ப் மோடு வரும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஸ்கேனரில் பார்க்கலாம். அந்த சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் ட்யூப்கள் வெடித்திருந்தாலும் தவறான அளவு வரும் என்பதால் முதலில் அவற்றைப் பாருங்கள். வடிகட்டியை உடைத்து எடுத்துவிடுவதும், ஈ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைப்பதும் தீர்வாக விற்கப்படுகின்றன. அந்த வேலையை நான் செய்வதில்லை: நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றில்தான் அந்தக் கரி கலக்கிறது, அது ஏன் அடைத்தது என்ற மூலக்காரணமும் தீராமல் அப்படியே நிற்கிறது.

இவ்வளவும் சரியென்றால், இப்போது டர்போ

எஞ்சின் முழுமையாக ஆறியபின் டர்போவின் காற்று வாய்க் குழாயைக் கழற்றி, விளக்கு அடித்துப் பாருங்கள். இறகுகளின் விளிம்பு மழுங்கியிருந்தாலோ, உடைந்திருந்தாலோ, சுற்றுச்சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது. தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிய அசைவு இருக்கும்; ஆயில் இல்லாத நேரத்தில் அது இயல்பு, ஆனால் இறகு சுவரைத் தொடக் கூடாது. முன்னும் பின்னுமாக இழுத்தால் கையால் உணரக்கூடிய ஆட்டமே இருக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது அந்த வாயருகே கையையோ துணியையோ கொண்டுபோகாதீர்கள். சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது.

குழாயில் மெல்லிய பூச்சுக்குப் பதிலாக ஆயில் தேங்கியிருந்து, நீலப்புகையும் இருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். கசியும் ஆயிலையே எரிபொருளாகக்கொண்டு எஞ்சின் கட்டுப்பாடின்றி ஏறத் தொடங்கினால் சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால், பிரேக்கை முழுமையாக அழுத்திக்கொண்டு உயர்ந்த கியரைப் போட்டுக் கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

டர்போ கெட்டுவிட்டது என்று உறுதியானால், ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் பொருத்தாதீர்கள். பெரும்பாலும் ஆயில் பட்டினிதான். இன்ஜெக்டர் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்து, புகை ஆயிலில் கலந்து கரியாகி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் வடிகட்டி வலையை அடைத்திருக்கும்; அல்லது டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் குழாய் உள்ளே கருகிச் சுருங்கியிருக்கும். அந்தக் குழாயைச் சுத்தம் செய்வதைவிடப் புதிதாக மாற்றுவதே நல்லது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்த்து, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உடைந்த துகள்களையும் கழுவி, புதிய டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றிய பின் பொருத்துங்கள். முதல் முறை இயக்கும்போது இரண்டு நிமிடமாவது ஐடிலில் விட வேண்டும்.

எந்தப் பகுதியைச் சரிசெய்திருந்தாலும், அதே சாலையில், அதே மூன்றாவது கியரில், அதே 1,500 முதல் 3,500 சுற்று வரை மறுபடி ஓட்டி, அதே ஐந்து எண்களை எடுங்கள். கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும் நெருங்கி ஓடினால் மட்டுமே வேலை முடிந்தது. அந்த எண்களைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை இழுவை குறைந்ததாகத் தோன்றும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருந்த காலத்துக் கணக்கு கையில் இருக்கும்.